பிடதியில் புதிய நகரம்: சர்வே நம்பர் இல்லாதவர் கதி என்ன?

பெங்களூர் – மைசூர் ரயில் பாதையில் கெங்கேரியைத் தாண்டினால் ஹெஜ்ஜாலா. அதற்கு அடுத்தது பிடதி. பெங்களூரிலிருந்து சுமார் 30 கிலோ மீட்டர். நம்மவர்களில் பலருக்கு இந்த ஊர் தட்டே இட்லியால் பழக்கம். சின்னத் தட்டு அளவு அகலத்தில், பஞ்சு போல, மேலே வெண்ணெய் வைத்துக் கொடுப்பார்கள். மைசூருக்குக் காரிலோ வேனிலோ போகிறவர்கள் பிடதியில் இறங்கி இரண்டு இட்லி சாப்பிடாமல் போனால் பிரயாணம் போனதாகவே ஒப்புக்கொள்ளாத காலம் ஒன்று இருந்தது.

வேலையால் பழக்கமானவர்களும் உண்டு. டொயோட்டா கார் தொழிற்சாலை 1999-ல் இங்கே உற்பத்தியைத் தொடங்கியது. அதைச் சுற்றி உதிரி பாகக் கம்பெனிகள் வந்தன. பாஷ் கம்பெனியும் பெங்களூர் ஆடுகோடியிலிருந்து இங்கே இடம் பெயர்ந்தது. ஷிப்டு முடிந்து சாயங்கால ரயிலுக்கு நிற்கிற கூட்டத்தில் கன்னடத்தோடு தர்மபுரிப் பேச்சும் வேலூர்ப் பேச்சும் காதில் விழும்.

இந்தப் பிடதியை ஒட்டி ஒரு புதிய நகரத்தையே எழுப்பப் போவதாக கர்நாடக அரசு 2025-ல் அறிவித்தது. 9 கிராமங்கள், 7 ஆயிரம் ஏக்கருக்கு மேல். பெங்களூருக்கு மூச்சு விட இடம் இல்லை, ஆகவே பக்கத்திலேயே இன்னொரு நகரம் வேண்டும் என்பது அரசின் வாதம். வீடும் வேலையும் ஒரே இடத்தில் இருக்கும், செயற்கை அறிவுத் தொழில்களுக்கான நகரமாக அமையும் என்றெல்லாம் சொல்லப்பட்டது. 2025 மார்ச்சில் நிலம் எடுப்பதற்கான முதல் அறிவிக்கை வெளியாயிற்று. அதே ஆண்டில் பைரமங்கலாவில் விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்துப் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். நல்ல விலை கிடைத்தால் கொடுத்து விடலாம் என்கிறவர்களும் அதே கிராமங்களில் இருக்கிறார்கள்.

நகரம் வேண்டுமா, வேண்டாமா என்ற வழக்கை அவர்களே பேசிக் கொள்ளட்டும். நமக்குத் தோன்றுகிற கேள்வி வேறு. எந்தத் திட்டமும் முதலில் ஒரு பட்டியலாகத்தான் பிறக்கிறது. பட்டியலில் பெயர் இருந்தால் ஆள் உண்டு; இல்லாவிட்டால் எதிரே நின்றாலும் ஆள் இல்லை. ரிசர்வேஷன் சார்ட்டைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பிடதியில் தயாராகிற பட்டியல் சர்வே நம்பரை வைத்துத் தயாராகிறது. சர்வே நம்பர் இல்லாத குடும்பங்கள் எந்தப் பட்டியலில் வரும்?

ரோடு வந்த கதை

புதிய நகரம் வருவதற்கு முன்பே இந்த ஊர்க்காரர்கள் ஒரு திட்டத்தை அனுபவித்து விட்டார்கள். அதுதான் பெங்களூர் – மைசூர் புதிய நெடுஞ்சாலை. 118 கிலோ மீட்டர். 2023 மார்ச் 12-ந் தேதி பிரதமர் மண்டியாவில் திறந்து வைத்தார். மூன்று மணி நேரப் பிரயாணம் ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கியது என்று பாராட்டினார்கள். உண்மைதான். ஆனால் அந்த வேகம் எப்படி வந்தது? பிடதி, ராமநகரம் – சன்னபட்டணா, மத்தூர், மண்டியா, ஸ்ரீரங்கப்பட்டணம் ஆகிய ஊர்களுக்குள் நுழையாமல் வெளியே சுற்றிப் போகும் பைபாஸ் ரோடுகளால் வந்தது.

ஊருக்குள் வண்டி வராவிட்டால் ஊர்க் கடைக்கு யார் வருவார்? பழைய ரோட்டில் இட்லிக் கடை, இளநீர்க் கடை, சன்னபட்டணா மரப் பொம்மைக் கடை, மத்தூர் வடைக் கடை எல்லாம் போகிற வருகிற பிரயாணிகளை நம்பியவை. பொம்மை வாங்கவென்று யாரும் வீட்டிலிருந்து புறப்படுவதில்லை. வழியில் கண்ணில் பட்டால் குழந்தை கேட்கும், வாங்குவார்கள். அந்தக் கண்ணில் படுதல் போய் விட்டது. பைபாஸ் திறந்த பிறகு வியாபாரம் விழுந்து விட்டது என்று கடைக்காரர்கள் முறையிட்டது அப்போதே பத்திரிகைகளில் வந்தது.

ரோடு போட நிலம் கொடுத்தவர்களுக்கு நஷ்ட ஈடு என்று ஒன்று உண்டு. கடையின் நிலம் ரோட்டுக்குப் போகவில்லை. கடை இருந்த இடத்திலேயே இருந்தது. வாடிக்கைக்காரர்தான் போய் விட்டார். இதற்கு எந்தக் காலத்தில் நஷ்ட ஈடு எழுதுவது? பாரத்தில் அப்படி ஒரு காலமே கிடையாது. கடைக்கே இந்தக் கதி என்றால், கடையில் மாவு அரைத்தவர், டம்ளர் கழுவியவர் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. விபத்துகள் அதிகமானதால் 2023 ஆகஸ்ட் 1-ந் தேதி முதல் இரு சக்கர வண்டி, ஆட்டோ, டிராக்டர் ஆகியவை பிரதான ரோட்டில் போகக் கூடாது என்று தடை வந்தது. உயிர் முக்கியம், தடையைக் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் ரோட்டுக்கு இரு புறமும் குடியிருக்கிற கிராமவாசி வைத்திருப்பது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான். அவருக்கு சர்வீஸ் ரோடு மட்டும்.

ஒன்பது கிராமங்கள்

இனி புதிய நகரத்துக்கு வருவோம். பிடதியிலிருந்து ஹாரோஹள்ளிக்குப் போகிற ரோட்டுப் பக்கத்தில் இருக்கின்றன இந்தக் கிராமங்கள். பைரமங்கலா, பன்னிகெரே, கஞ்சுகாரனஹள்ளி, மண்டலஹள்ளி, ஹொசூர் என்று பெயர்கள். (இந்த ஹொசூர் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஓசூர் அல்ல.)

பைரமங்கலாவில் பெரிய ஏரி ஒன்று உண்டு. 1940-களில் பாசனத்துக்காகக் கட்டியது. ஏரிக்கு நீர் தருவது விருஷபாவதி. பெங்களூர் பசவனகுடி பக்கத்தில் பிறக்கிற இந்த நதி வழியெல்லாம் நகரத்தின் சாக்கடையையும் ஆலைக் கழிவையும் வாங்கிக் கொண்டு, கறுப்பு நிறத்தில் நுரையோடு வந்து சேர்கிறது. பிறகு அர்க்காவதியில் கலக்கிறது; அர்க்காவதி சங்கமத்தில் காவிரியோடு சேர்கிறது. அங்கிருந்து ஒகேனக்கலுக்கு வரும் தண்ணீரைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டுமா?

இந்தத் தண்ணீரில் முன்னைப் போல் நெல் வைக்க முடியாமல் மாட்டுத் தீவனப் புல், பேபி கார்ன் என்று விவசாயம் மாறியது. புல் இருப்பதால் மாடு. மாடு இருப்பதால் பால். பெங்களூரில் நாம் காலையில் கத்தரித்து ஊற்றுகிற நந்தினி பால் பாக்கெட்டில் இந்தப் பக்கத்துக் கிராமச் சொசைட்டிகளின் பாலும் கலந்திருக்கும். கொஞ்சம் மேட்டு நிலத்தில் முசுக்கொட்டை, தென்னை. முசுக்கொட்டை இலை பட்டுப் புழுவுக்குப் போகிறது. கூடு ராமநகரம் மார்க்கெட்டுக்குப் போகிறது. தமிழ்நாட்டிலிருந்தும் கூடு வந்து விற்கிற பெரிய மார்க்கெட் அது.

பெங்களூரின் சாக்கடையைப் பல வருடம் தாங்கிய கிராமங்கள் இவை. இப்போது அதே பெங்களூர் வளர்வதற்கு நிலத்தையும் கேட்கிறது.

இந்தப் புதிய நகர யோசனை நேற்று பிறந்ததும் அல்ல. 2006-07 வாக்கிலேயே இதே பகுதியில் ஒரு புதிய நகரம் பேசப்பட்டது. பிறகு கிடப்பில் போட்டார்கள். அதற்கும் முன்னால், 1990-களில் ஒப்பந்தமான பெங்களூர் – மைசூர் தனியார் விரைவுச் சாலைத் திட்டத்தில், சாலை ஓரமாக ஐந்து புதிய நகரங்கள் எழும்பும் என்றார்கள். பெங்களூரைச் சுற்றி ஒரு வளைவு ரோடு வந்தது. ஐந்து நகரங்கள் வரவில்லை. அந்தத் திட்டத்துக்காக 2003-ல் நோட்டீஸ் கொடுத்து 2005-ல் நிலத்தை எடுத்துக் கொண்டு, நஷ்ட ஈட்டை வருடக்கணக்கில் கொடுக்காமல் இழுத்த ஒரு வழக்கில், 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. பழைய விலை செல்லாது, 2019-ம் ஆண்டு மார்க்கெட் விலையைக் கணக்கிட்டுக் கொடு என்றது. ஏறத்தாழ 22 வருடம்! நோட்டீஸ் வந்த நாளில் பிறந்த பிள்ளை காலேஜ் முடித்திருக்கும்.

திட்டம் வரும் வரும் என்று காத்திருக்கிற காலத்தில் நிலத்துக்காரர் என்ன செய்ய முடியும்? விற்க முடியாது, வாங்க வருபவர் நோட்டீஸைப் பார்த்து ஓடி விடுவார். பாங்கியில் கடன் கிடைப்பது கஷ்டம். கிணறு வெட்டப் பணம் போடலாமா என்று மனசு தயங்கும். எடுக்கப்பட்ட நிலத்துக்கு விலை உண்டு. எடுக்கப்படாமல் பதினைந்து, இருபது வருடம் தொங்கிய நிலத்துக்கு ஒரு பைசாவும் கிடையாது.

பட்டியலில் யார்?

சொந்த நிலம் உள்ளவரையே எடுத்துக் கொள்வோம். பஹணியில் அவர் தாத்தா பெயர் இருக்கும். தாத்தா இறந்து நாற்பது வருடம் ஆகியிருக்கும். மொத்தம் 2 ஏக்கர், அதாவது 80 குண்டே என்று வைத்துக் கொள்ளுங்கள். நான்கு அண்ணன் தம்பிகள், இரண்டு சகோதரிகள். 2005-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பெண் பிள்ளைக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு. சுப்ரீம் கோர்ட் 2020-ல் அதை இன்னும் உறுதிப்படுத்தி விட்டது. ஆறில் ஒன்று என்றால் ஆளுக்கு 13 குண்டே சொச்சம். எல்லோரும் சேர்ந்து "பவுதி காத்தா" செய்து வாரிசு பெயரை ஏற்றாவிட்டால், அல்லது ஒருவர் ஆட்சேபணை கொடுத்தால், பணம் கோர்ட்டில் போய் உட்கார்ந்து கொள்ளும். வக்கீல் பீஸ் மட்டும் ஓடிக் கொண்டிருக்கும்.

அடுத்தவர், அரசு நிலத்தில் வருடக்கணக்காகப் பயிர் வைத்திருப்பவர். கர்நாடகத்தில் "பகர்ஹுகும்" சாகுபடி என்பார்கள். பட்டா கேட்டு மனுப் போட்டுக் காத்திருப்பவர். பட்டா வராத வரை புறம்போக்கு அரசுடையது. அரசு தன் நிலத்தைத் தானே எடுத்துக் கொள்வதற்கு யாருக்கு விலை கொடுக்கும்?

மூன்றாமவர் குத்தகைக்காரர். இவர் கதைதான் விசித்திரம். கர்நாடகத்தில் 1974 மார்ச் 1-ந் தேதி அமலுக்கு வந்த நிலச் சீர்திருத்தச் சட்டத் திருத்தம் குத்தகை முறையையே ஒழித்தது. உழுதவர்கள் 7-ம் நம்பர் பாரத்தில் மனுப் போட்டு நிலச் சொந்தக்காரர் ஆனார்கள். அது பெரிய காரியம், சந்தேகம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு குத்தகை ஒழிந்து விடவில்லை, காகிதம்தான் ஒழிந்தது. சட்டப்படி குத்தகை இல்லை என்பதால் எழுதிக் கொடுக்க யாரும் தயாரில்லை. வாய்ப் பேச்சில் பாதி வாரம், அல்லது வருடத்துக்கு இவ்வளவு என்று நடக்கிறது. இப்படி உழுகிறவர் நாளைக்கு அதிகாரி முன்னால் போய், இந்த நிலத்தில் நான் பத்து வருடம் பயிர் செய்தேன் என்று சொன்னால் காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. நிலத்துக்காரரே சாட்சி சொல்ல மாட்டார். சொன்னால் அவருக்கே வம்பு.

நான்காவது, நிலமே இல்லாமல் இரண்டு மாடு வைத்திருக்கிற பெண். ஏரிப் புல்லை அறுத்தோ, பக்கத்துத் தோட்டத்தில் விலைக்கு வாங்கியோ மாட்டைக் காப்பாற்றுகிறார். பால் சொசைட்டிப் பணம் அவர் பெயரில் பாங்கியில் விழுகிறது. அந்தப் பணத்தில்தான் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு. தோட்டம் போனால் புல் போயிற்று. புல் போனால் மாடு விலைக்குப் போகும். மாட்டுக்கு சர்வே நம்பர் கிடையாது. கூலிக்கு இலை பறிப்பவர், கூடு ஏற்றுபவர், கிராமத்துச் சலூன்காரர், டீக்கடைக்காரர் எல்லோரும் இந்த வரிசையில் நிற்பவர்களே.

சட்டத்தில் இவர்களுக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. 2014 ஜனவரி 1-ந் தேதி அமலுக்கு வந்த 2013-ம் ஆண்டு மத்திய நிலம் கையகப்படுத்தும் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். பாதிக்கப்பட்ட குடும்பம் எது என்று சொல்லும் இடத்தில், நிலம் இல்லாவிட்டாலும் விவசாயக் கூலி, குத்தகைதாரர், வாரத்துக்கு உழுபவர், கைவினைஞர் குடும்பங்களும் அதில் சேரும் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. நிலம் எடுப்பதற்கு முன் 3 வருடம் அந்தப் பகுதியில் வேலை செய்து, அதுவே முக்கியப் பிழைப்பாக இருந்திருக்க வேண்டும். முதல் அறிவிக்கைக்குப் பிறகு வீடு வீடாகக் கணக்கெடுத்து, நிலம் இல்லாமல் பிழைப்பை இழப்பவர்களையும் பட்டியலில் எழுத வேண்டும் என்றும் இருக்கிறது. வேலை, அல்லது 5 லட்சம் ரூபாய், அல்லது 20 வருடத்துக்கு மாதம் 2 ஆயிரத்துக்குக் குறையாத தொகை. இடம் பெயர்கிற குடும்பத்துக்கு ஒரு வருடம் மாதம் 3 ஆயிரம். மாட்டுக் கொட்டகை, பெட்டிக் கடை வைத்திருப்பவருக்குக் குறைந்தது 25 ஆயிரம் என்று அட்டவணையே போட்டிருக்கிறது. தொகை இன்றைய விலைவாசிக்குச் சிறிதுதான். ஆனாலும் பட்டியலில் பெயர் ஏறுவதற்கு ஒரு வாசல் அது.

சிக்கல் எங்கே என்றால், பிடதியில் அறிவிக்கை வந்தது இந்தச் சட்டத்தில் அல்ல. 1987-ம் ஆண்டுக் கர்நாடக நகர்ப்புற வளர்ச்சி ஆணையச் சட்டத்தில். அந்தச் சட்டம் நிலத்தையும் நிலத்துக்குரியவரையும் நோக்கியே பேசுகிறது. பேப்பரில் அடிபடுவதும் ஏக்கருக்கு எவ்வளவு, பணமா, பணத்துக்குப் பதில் மனையா என்ற பேச்சுத்தான். பணத்தைக் கணக்கிட 2013 சட்டத்தை எடுத்துப் பேசுகிறவர்கள், ஆட்களைக் கணக்கிடவும் அதே சட்டத்தை எடுக்க வேண்டும் என்று கேட்பதில் என்ன தப்பு? நிலத்துக்காரர் சங்கம் வைத்திருக்கிறார், மேடை ஏறுகிறார், மந்திரியைப் பார்க்கிறார். கூலிக்காரர் அந்த மேடையின் கீழே கொடி பிடித்து உட்கார்ந்திருக்கிறார். நிலத்துக்கு விலை படிந்த அன்றைக்கு மேடை கலைந்து விடும். கொடி பிடித்தவர் அதற்கு முன்னாலேயே தன் பெயரை எழுதச் சொல்லிக் கேட்டு வைத்துக் கொள்வது நல்லது. கிராம சபையில் கேட்கலாம். எழுத்து மூலம் மனுக் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக் கொள்ளலாம். முத்திரை இல்லாத மனு, மனுவே இல்லை. ஆபீஸில் வேலை பார்க்கிறவன் சொல்கிறேன்.

நம்மவர்களுக்கு

பிடதி சுற்று வட்டாரத்தில் வாடகை அறையில் இருந்து கொண்டு தோட்ட வேலைக்கும், கோழிப் பண்ணைக்கும், கட்டட வேலைக்கும் போகிற தமிழ்க் குடும்பங்கள் இதைப் படித்தால், ஒன்று கவனிக்க வேண்டும். மேலே சொன்ன 3 வருடக் கணக்குக்கு ஊர், பாஷை என்ற பேதம் கிடையாது. அந்த ஊரில் இருந்தோம், வேலை செய்தோம் என்பதற்குத்தான் சாட்சி வேண்டும். ஆதார் அட்டையில் இன்னும் சொந்த ஊர் விலாசமே இருக்கும். ரேஷன் கார்டு ஊரில் அம்மாவிடம் இருக்கும். ஆகவே வாடகைச் சீட்டு, பிள்ளையின் பள்ளிக்கூடச் சான்று, ஆஸ்பத்திரிச் சீட்டு, பாங்கிப் பாஸ்புக், ஈ-ஷ்ரம் அட்டை என்று எது இருந்தாலும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். கம்பெனியில் இருப்பவர்களுக்கு ஈ.எஸ்.ஐ., பி.எஃப். நம்பர் இருக்கும், தோட்டக் கூலிக்கு அதுவும் கிடையாது.

கடைசியாக பெங்களூரில் இருக்கிற குமாஸ்தாக்களுக்கு, அதாவது நம்மைப் போன்றவர்களுக்கு. புதிய நகரம் என்ற பேச்சு எழுந்ததும் மைசூர் ரோடு நெடுக மனை விளம்பரம் முளைத்து விட்டது. 2025-ல் ராமநகரம் மாவட்டத்துக்கு பெங்களூர் தெற்கு என்று பெயர் மாற்றினார்கள். அன்று முதல் பிடதி மனையும் "பெங்களூர் மனை" ஆகி விட்டது. ரிடையர் ஆகும்போது வருகிற பணத்தைப் போட்டு 30-க்கு 40 ஒன்று வாங்கிப் போடலாம் என்று எந்தக் குமாஸ்தாவுக்குத்தான் ஆசை இல்லை? ஆனால் அறிவிக்கையில் வந்த சர்வே நம்பரில் மனை வாங்கினால், பின்னால் வந்து வாங்கியவர் அந்த நிலம் எடுப்பை எதிர்த்துப் பேச முடியாது என்று கோர்ட்டுகள் பல தடவை சொல்லியிருக்கின்றன. விவசாய நிலத்தை மாற்றாமலே துண்டு போட்டு விற்கிற ரெவின்யூ சைட்டும் அப்படித்தான். நோட்டீஸ் வந்தால் மனைக்காரர் கையில் மிஞ்சுவது ரசீது மட்டும்.

வில்லங்கச் சான்றிதழ் மட்டும் வாங்கிப் பார்த்தால் போதாது. பஹணியும் வேண்டும். 2000-ல் தொடங்கிய "பூமி" கம்ப்யூட்டர் பதிவால் பஹணியை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்; சர்வே நம்பர் தெரிந்தால் போதும். விற்பவர் சர்வே நம்பரைச் சொல்லாமல் லே-அவுட் பெயரையும் மனை நம்பரையும் மட்டும் சொன்னால், அங்கேயே எழுந்து வந்து விடலாம். நம்பர் கிடைத்தால் 2025 மார்ச் அறிவிக்கையில் அது இருக்கிறதா என்று ஒத்துப் பாருங்கள். அறிவிக்கை கன்னடத்தில் இருக்கும். கன்னடம் படிக்கத் தெரியாதவர்கள் ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரரிடம் கொடுத்து, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முந்தின நாளே படிக்கச் சொல்லிக் கேட்டுக் கொள்ளுங்கள்.